தட்டு கவிழ்ந்த பிறகு

கப்பிட், சரவாக்
17 செப்டம்பர் 2023

அன்புள்ள புஷ்பா அண்ணிக்கு,

மோகனா வணக்கத்துடன் எழுதுவது. ஆற்றங்கரை ஊரும் பள்ளிக்கூடமுமாக நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டி வலி குறைந்ததா? அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

நீங்கள் சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். என்னோடு பேசி முடித்துப் போனை வைத்த கையோடு, "மோனா ஏன் இன்னும் போன் பண்ணல?" என்று கேட்கிறார் என்றீர்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸி சொன்னதைச் செய்து பார்ப்போம். காதில் கேட்டது நிற்கவில்லை என்றால் கையில் பிடித்துப் படிக்க ஏதாவது இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் எழுதினால் மேலே ஏறி மறைந்துவிடுகிறது. தாள் வைத்த இடத்தில் இருக்கும். இனி அவருக்குக் கடிதமாகவே எழுதுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மே மாதத் திருவிழாவில் நடந்ததை அவரிடம் சொல்லாதீர்கள். அவர் கை வெட்டி வெட்டி இழுத்ததையும் முகம் கோணியதையும் பார்த்து, அம்மன் இறங்கிவிட்டாள் என்று தோட்டமே நம்பியது. நாமும்தான் நம்பினோம். திருநீற்றுத் தட்டை அவர் கையில் கொடுத்தார்கள். சுவா ஊரிலிருந்து வந்திருந்த ஷங்கரின் அம்மா மங்கம்மா தாம்பூலத்தோடு வந்து, "இந்தக் கல்யாணத்த நடத்தலாமா தாயே?" என்று கேட்ட நேரம் பார்த்துக் கை வெட்டியது, தட்டு கவிழ்ந்தது. சாமியே வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பரிசத்தை நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரம் அண்ணன் பெரிய வலிப்பில் விழுந்த பிறகுதான், அது சாமி இல்லை, மூளையில் வந்த வீக்கம் என்று நமக்குத் தெரிந்தது.

அப்பா அம்மா போன பிறகு லோரி ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர். என் பரிசம் தன் கையாலேயே நின்றது என்று தெரிந்தால் உடைந்துபோவார். அவருக்கு நினைவில்லாததை நாமும் எடுக்க வேண்டாம், அண்ணி.

அன்புடன்,
மோகனா


ரந்தாவ்
8 அக்டோபர் 2023

அன்புத் தங்கச்சி மோனாவுக்கு,

அண்ணன் முகுந்தன் ஆசியோடு எழுதுவது. உன் உடம்பு எப்படி? அந்த ஊரில் நம் சாப்பாடு கிடைக்கிறதா?

என் கை இப்போது வெட்டுவதில்லை. மாத்திரையால் முகம்தான் பூசணிக்காய் மாதிரி ஊதிவிட்டது. "இப்பதான்லா பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கீங்க" என்று உன் அண்ணி சிரிக்கிறாள். பசியோ அடங்கவே மாட்டேன் என்கிறது.

லோரி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குலை ஏற்றிக்கொண்டு எண்ணெய் மில்லுக்குப் போன ஆள் இப்போது செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறேன். விட்டேனா இல்லையா என்பது சில நேரம் மறந்துவிடும். மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருந்தால் விட்டிருக்கிறேன்.

பழையதெல்லாம் அப்படியே இருக்கிறது. உனக்குப் பட்டம் கொடுத்த அன்று நான் செருப்பு அறுந்து வெறுங்காலோடு மண்டபத்துக்குள் வந்தது இருக்கிறது. ஷங்கர் வீட்டார் உன்னைப் பார்க்க வந்தபோது, சர்க்கரை போடாத கோப்பியை அந்தப் பையன் குடித்துவிட்டு, "நல்லா இருக்குங்க" என்று சொன்னானே, அதுவும் இருக்கிறது. அதற்குப் பிறகு திருவிழாவையே காணோம். அடுத்தது ஆஸ்பத்திரிக் கூரையில் சுற்றிய காற்றாடிதான்.

ஒன்று புரியவில்லை. கோயில் தலைவர் முருகையா மாமா என்னைக் கண்டால் செருப்பைக் கழற்றுகிறார். "என்ன மாமா இது?" என்றால், "சும்மாதான்லா" என்கிறார்.

உன் பரிசம் எந்த மாதம்? அண்ணியைக் கேட்டால் அரிசி களையப் போய்விடுகிறாள். ஹாலுக்கு இளம்பச்சைச் சாயம் அடிக்கப்போகிறேன். படம் எடுத்தால் உனக்குப் பின்னால் எடுப்பாக இருக்கும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்


கப்பிட்
29 அக்டோபர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததே எனக்குப் பாதி தீபாவளி. கோடு தாண்டாமல் நேராக எழுதியிருக்கிறீர்கள். இரவு மாத்திரையை அண்ணி கேட்காமலே போட்டுக்கொள்கிறீர்களா?

இங்கே எல்லாப் போக்குவரத்தும் ஆற்றில்தான். என் மாணவர்கள் பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீண்ட வீடுகளிலிருந்து படகில் வருகிறார்கள். மழை பெய்தால் ஆறு பால் கோப்பி நிறத்தில் ஓடுகிறது. பெரிய பெரிய மரங்கள் மிதந்து வருகின்றன. வகுப்பில் நான் மெதுவாகப் பேசுகிறேன் என்று பின் வரிசைப் பிள்ளைகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சத்தம் போடச் சொல்லவில்லை. அதனால் எனக்கு அவர்களைப் பிடித்திருக்கிறது.

உங்கள் நோயைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் உடம்பில் கிருமிகளை எதிர்க்கும் காவல் ஒன்று இருக்கிறது. அது எப்போதாவது ஆள் தெரியாமல் சொந்த மூளையையே தாக்கிவிடுகிறதாம். உங்களுக்குத் தாக்கியது நினைவுகளைப் பதிய வைக்கும் இடத்தை. அங்கே வீக்கம் வந்ததால்தான் கையும் முகமும் சட்டென்று இழுத்துக்கொண்டன. ஒவ்வொன்றும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் சின்ன வலிப்பு. ஒரு நாளைக்குப் பல தடவை வரும். பார்ப்பவர்களுக்கு வலிப்பு என்றே தோன்றாது. ரத்தத்தில் உப்பு குறைந்ததும் அதனால்தான். மருந்து அந்தக் காவலை அடக்குகிறது. நினைவு மெதுவாகத்தான் திரும்பும். சில நாள்கள் பதியாமலே போயிருக்கலாம். அதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும்?

இளம்பச்சை நல்ல நிறம். சன்னலுக்கு வெள்ளை அடியுங்கள். ஏணியில் மட்டும் ஏறாதீர்கள்.

அன்புத் தங்கை,
மோனா


ரந்தாவ்
19 நவம்பர் 2023

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம். தீபாவளிக்கு நீ இல்லாமல் முறுக்குச் சுட்டும் தின்ன ஆள் இல்லை. நீ என்ன சாப்பிட்டாய்?

உன் பரிசம் எந்த மாதம் என்று எழுது. ஹாலுக்குச் சாயம் அடிக்கலாம் என்று நினைக்கிறேன். இளம்பச்சை எப்படி இருக்கும்?

மேலே எழுதியதை அண்ணி படித்துவிட்டுச் சுவரைக் காட்டினாள். சாயம் அடித்தாகிவிட்டதாம். என் நகக் கண்ணில்கூடப் பச்சை இருக்கிறது. அந்த வரியை நான் கோடு போட்டு அடிக்கவில்லை. நான் எப்படி இருக்கிறேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

நேற்று மேல் லயத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டு வந்து, "திருநீறு பூசி விடுங்க" என்றாள். "நான் என்ன பூசாரியா?" என்றேன். "நீங்க பூசினா நல்லதுன்னு சொன்னாங்க" என்றாள். அண்ணி அவளைச் சமையல்கட்டுக்குக் கூட்டிப்போய் என்னவோ பேசி அனுப்பிவிட்டாள்.

திருவிழாவில் என்ன நடந்தது, மோனா? அண்ணி, "மயங்கி விழுந்தீங்க, அவ்வளவுதான்" என்கிறாள். நீ அங்கே இருந்தாயே. உனக்கு எதையும் கவனித்துப் பார்க்கிற கண். நீ எழுதினால் நான் அதை என் நினைவாக வைத்துக்கொள்வேன்.

ஷங்கர் நலமா? வேலை எப்படிப் போகிறது?

உன் அண்ணன்,
முகுந்தன்


கப்பிட்
6 டிசம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு லேசாக ஜலதோஷம், வேறொன்றும் இல்லை.

திருவிழாவைக் கேட்டீர்கள். நீங்கள் மஞ்சள் வேட்டி கட்டியிருந்தீர்கள். கோயில் வாசலில் வாழை மரம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, யாரும் நிமிர்த்தவில்லை. கரகம் வந்தபோது உறுமிச் சத்தத்தில் எனக்கு நெஞ்சு அதிர்ந்தது. உங்கள் கை இழுத்தது. அதற்கு முன்பே சில வாரங்களாக அது இழுப்பதை அருள் என்று நினைத்திருந்த முருகையா மாமா, "அம்மா வந்துட்டா" என்று சத்தம் போட்டார். உங்கள் கழுத்தில் வேப்பிலை மாலை போட்டார்கள். எல்லோருக்கும் நீங்கள் திருநீறு கொடுத்தீர்கள். அதனால்தான் அவர் செருப்பைக் கழற்றுகிறார். பிறகு உங்களுக்குக் களைப்பாக இருந்தது, வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அன்று சோற்றுக்கு முருங்கைக்காய்க் குழம்பு. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டீர்கள்.

பள்ளி விடுமுறைக்கு வருகிறேன். பச்சைச் சுவரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

மோனா


ரந்தாவ்
14 ஜனவரி 2024

அன்புத் தங்கச்சிக்கு,

பொங்கலுக்குப் பானை கழுவிக்கொண்டே அண்ணி உன்னை விசாரித்து எழுதச் சொன்னாள். ஜலதோஷம் போய்விட்டதா?

நீ டிசம்பரில் வந்திருந்தாயாம். அண்ணி போனில் படத்தைக் காட்டினாள். பச்சைச் சுவருக்கு முன்னால் நாம் இருவரும் உட்கார்ந்திருக்கிறோம். உன் கையிலிருந்து டீ வாங்குகிறேன். சிரித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல நாளாக இருந்திருக்கும் போல. கொஞ்சம் கொஞ்சம் ஞாபகம் வருகிறது. நீ ஊதா நிறத்தில் ஒரு குடை கொண்டு வந்தாயா? சரியா என்று எழுது.

காலையில் கோப்பி குடிக்கும்போது உன் கடிதங்களைப் படிப்பேன். எனக்கு அவை தினமும் புதிது. ஆனால் தினமும் படித்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். நான் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதுகிறாய். சாயம், மாத்திரை, முருகையா மாமாவின் செருப்பு வரைக்கும் எழுதியிருக்கிறாய். ஷங்கர் பேர் மட்டும் எங்கேயும் இல்லை. பரிசம் என்ற சொல்லும் இல்லை. தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

சாய்ந்த வாழை மரத்தைப் பார்த்தவள் நீ. உனக்கு இது மறந்திருக்காது.

அண்ணன்


ரந்தாவ்
25 பிப்ரவரி 2024

அன்புள்ள மோகனாவுக்கு,

அண்ணி புஷ்பா எழுதுவது. சுகமாக இருக்கிறாயாம்மா? அந்தக் கடிதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உன் அண்ணன் தினமும் தோட்ட ஆபீஸ் வாசலில் தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறார். போனிலும் அவர் கேட்டால் நீ, "சிக்னல் இல்ல" என்கிறாய்.

இனி மறைக்க முடியாது. போன வாரம் முருகையா மாமா வீட்டுக்கு வந்தார். இந்த வருஷத் திருவிழாவுக்கும் உன் அண்ணன்தான் தட்டு ஏந்த வேண்டுமாம். இவர் அவரை உட்கார வைத்துக் கேட்டார்.

"மாமா, போன வருஷம் நான் என்ன பண்ணினேன்? உள்ளத சொல்லுங்க."

அவருக்கு ஒரே பெருமை. "என்ன பண்ணினீங்களா? கூடப்பொறந்த தங்கச்சின்னுகூடப் பாக்கல. சுவாவுலேர்ந்து வந்த அந்த அம்மா வாக்கு கேட்டுச்சு. படார்னு தட்டத் தட்டி விட்டுட்டீங்க. அப்பிடி ஒரு சாமிய நான் பாத்ததே இல்ல!"

நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். இவர் எழுந்து, "மாமா, இது மாத்திரை சாப்புடுற உடம்பு. செருப்பப் போட்டுட்டுப் போங்க" என்றார்.

விடிந்தால் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்து பார்த்தால் அந்தப் பச்சைச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்: "தட்டு கவிழ்ந்தது. சாமி இல்லை. சுவா போகணும்." ஆசையாக அடித்த சுவர். துடைக்கப் போனேன், விடவில்லை.

சீக்கிரம் எழுது.

அண்ணி


கப்பிட்
10 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் நன்றாகத் தூங்குகிறீர்களா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஆமாம், ஊதாக் குடைதான். சரியாகச் சொன்னீர்கள்.

சுவாவுக்குப் போகாதீர்கள். உங்களுக்கு வந்தது சாமி என்று அவர்கள் நினைத்தால் பரிசம் நின்றதோடு போயிற்று. வலிப்பு என்று நீங்களே போய்ச் சொன்னால், இழுப்பு வரும் குடும்பம் என்று பேசுவார்கள். தோட்டத்தில் உங்களைக் கும்பிடுகிறவர்களே உங்கள் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிப்பார்கள். எனக்காக நீங்கள் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம்.

ஷங்கர் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. அம்மாவை மீறிப் பேசத் தெரியாதவர். எனக்கு வருத்தம் இருந்தது. இல்லை என்று எழுதினால் நீங்கள் தினமும் படித்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் அந்தத் தட்டை நீங்கள் தட்டிவிடவில்லை. அது விழுந்தது. அவ்வளவுதான்.

மோனா


ரந்தாவ்
7 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் ஆசியோடு எழுதுவது. தூக்கம் நன்றாக இருக்கிறது. மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள், முகமும் கொஞ்சம் வடிந்துவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதம் வருவதற்கு முன்பே சுவாவுக்குப் போய் வந்துவிட்டோம். அன்றிரவே அண்ணியும் நானும் எழுதி வைத்ததைப் பார்த்து எழுதுகிறேன். பஸ் மாறி, வெயிலில் நடந்து போனோம். மங்கம்மா கேட்டைத் திறந்தார், நாற்காலியும் போட்டார். நான் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிக் கொண்டு போயிருந்தேன். நடுவில் மறந்துவிடக் கூடாது அல்லவா?

"அன்னிக்குச் சாமின்னீங்க, இன்னிக்குச் சீக்குங்கிறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க?" என்றார்.

"சாமின்னு நான் சொல்லலம்மா. அப்ப எனக்குச் சொல்ற நெனப்பே இல்ல."

"இழுப்பு வர்ற குடும்பத்துல பொண்ணு எடுக்கச் சொல்றீங்களா?"

"இது பரம்பரையா வர்றது இல்லீங்க, டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காரு" என்று அண்ணி நீட்டினாள்.

"எல்லாத்துக்கும் ஒரு தாளு வச்சிருக்கீங்க!" என்றார்.

கும்பிட்டுவிட்டு எழுந்தோம். வாசல் வரைக்கும் வந்தவர் என் தலையைப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு குடையைக் கொண்டு வந்தார். "சீக்குக்காரர வெயில்ல கூட்டிக்கிட்டு அலையுறியே" என்று அண்ணியைத் திட்டினார். "கொடையத் திருப்பிக் கொண்டாந்து குடுத்துடணும், ஆமா."

பஸ் நிறுத்தத்துக்குள் ஷங்கர் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ரந்தாவ் வரைக்கும் ரேடியோகூடப் போடவில்லை. வீட்டுக்குள் வந்து சுவரில் நான் எழுதியிருந்ததைப் படித்தான். நிறைய நேரம் நின்றான். அண்ணி பதற்றத்தில் கோப்பிக்குச் சர்க்கரை போடவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை இல்லீங்க" என்றான். அண்ணி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பிறகு கப்பிட் விலாசம் கேட்டான். நீ திட்டினாலும் பரவாயில்லை, கொடுத்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். அந்த நாளை மறுபடி எழுது. முருங்கைக்காய்க் குழம்பை விட்டுவிடாதே. தட்டையும் விட்டுவிடாதே. என்னிடம் அந்த நாள் இல்லை. உன்னிடம்தான் இருக்கிறது. முழுதாகக் கொடு.

அண்ணன்


கப்பிட்
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் ஒரே குடையில் நடந்து போனதை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கே நான் சுகம். ஆறு வற்றிப் பாறைகள் தெரிகின்றன.

நீங்கள் கேட்ட நாள் இது.

மங்கம்மா தாம்பூலத் தட்டோடு வந்தார். அவருக்குப் பின்னால் ஷங்கர். நான் உங்கள் பக்கத்தில் இடது புறமாக நின்றேன். அவர் கேட்டு முடிக்கவும் உங்கள் வலது கை வெட்டியது, முகம் ஒரு பக்கமாக இழுத்தது. தட்டு கவிழ்ந்து திருநீறு அவருடைய வெற்றிலை மேலெல்லாம் விழுந்தது. உறுமி நின்றுவிட்டது. அவர் திரும்பி நடந்தார். கூட்டம் முழுக்க அவரையே பார்த்தது, வாசல் வரைக்கும்.

நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் உங்கள் கை சாதாரணமாகிவிட்டது. நீங்கள் குனிந்து, சிந்தியதை இடது கையால் கூட்டி அள்ளினீர்கள். மண்ணும் வேப்பிலையும் சேர்ந்து வந்தன. என்னை நிமிர்ந்து பார்த்து, "மோனா, சிந்திப்போச்சு" என்றீர்கள். சாமி பேசும் குரல் இல்லை. சட்டையில் கோப்பி கொட்டிக்கொண்டால் சொல்வீர்களே, அந்தக் குரல். பிறகு கையில் இருந்ததை என் நெற்றியில் பூசினீர்கள். இடது கை என்பதால் கோணலாகப் பூசிக் கண்ணிலும் கொஞ்சம் விழுந்தது. பரிசம் நின்றதற்காக நான் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். கண் எரிச்சலும்தான்.

தட்டு கவிழ்ந்ததைத் தோட்டமே பார்த்தது. அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். இதை முன்பே எழுத ஆசை. தட்டைச் சொல்லாமல் இதைச் சொல்ல வழியில்லை. குழம்பு அதற்குப் பிறகு. முருங்கைக்காய்தான், இரண்டு தடவைதான்.

ஷங்கர் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. நிறைய அடித்து அடித்து எழுதியிருக்கிறார். அம்மாவிடம் பேசிவிட்டாராம். அம்மா இன்னும் பதில் சொல்லவில்லையாம். மே மாத விடுமுறைக்கு வருகிறேன், சொல்ல வேண்டியதை என் அண்ணன் முன்னால் வந்து சொல்லுங்கள், அம்மாவின் குடையும் அங்கேதான் இருக்கிறது என்று பதில் போட்டேன்.

சுவரில் எழுதியதை நான் வரும் வரை துடைக்காதீர்கள். இந்தக் கடிதத்தைத் தினமும் படியுங்கள். மறந்தால் மறுபடி எழுதுகிறேன், எனக்கு அதில் சலிப்பே இல்லை. பரிசம் நடந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி, நான் வந்து இறங்கியதும் நீங்கள்தான் எனக்குத் திருநீறு பூச வேண்டும்.

எந்தக் கையானாலும் சரி, அண்ணா.

உங்கள்,
மோனா